பெரியம்மாவின் வால்

எங்கள் அக்கா வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை என்றுதான் நான் பல வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு வயது, ஒரு மனைவி, ஒரு தராசு, ஏழு அணில். மனுஷனுடைய ஆஸ்தி அவ்வளவுதான். அதில் உனக்கு எத்தனையாவது இடம் என்று அக்காவைக் கேட்டால், "தராசுக்கு அடுத்து" என்பாள். அதையும் சிரித்துக்கொண்டே சொல்வாள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அவருக்கும் எனக்கும் வேலை ஒரே இடத்தில். ஒரு சின்ன மிருகக்காட்சி சாலை. சிங்கம், புலி எல்லாம் கிடையாது, அதற்கெல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. நாலு ஆமை, ஒரு கூண்டு நிறையக் கிளிகள், வருகிறவர்களுக்கு முதுகை மட்டும் காட்டித் தூங்கும் ஒரு முள்ளம்பன்றி, கடைசி வரிசையில் அணில்கள். நான் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன். அவர் அணிலுக்குச் சாப்பாடு போடுகிறவர். பெரிய ஜாதி அணில், அரைக் கிலோவுக்கு மேல் எடை, உடம்பு நீளத்துக்குப் புசுபுசுவென்று வால். அந்த வாலைப் பார்க்கத்தான் ஜனங்கள் வருவார்கள்.

அங்கே யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'கிராம்' என்பார்கள். எதை எடுத்தாலும் நிறுத்துப் பார்க்கிறவருக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? "கிராம், உங்களுக்கு எத்தனை கிராம் டீ?" என்று கேன்டீன்காரர் தினமும் கேட்பார். கிண்டல் செய்கிறார் என்று இவருக்கு ஒரு நாளாவது உறைத்திருக்க வேண்டுமே! "நூத்தி இருபது போதும்" என்று முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு பதில் சொல்வார். கேன்டீன்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடுவார்.

அவருடைய பூர்வாசிரமம் இன்னும் வேடிக்கை. இங்கே வருவதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஒரு பிரஷ் கம்பெனியில் வேலை. படம் வரைகிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்த பிரஷ். அதற்கு முடி எங்கிருந்து வருகிறது தெரியுமா? அணில் வாலிலிருந்து. மூட்டை மூட்டையாக வால் வந்து இறங்கும். இவர் உட்கார்ந்து நீளம் பார்த்து முடியைப் பிரித்துக் கட்டுவார். முடியை விரலில் உருட்டினாலே அந்த அணில் என்ன தின்று வளர்ந்தது என்று சொல்லிவிடுவாராம். நுனி பிளந்திருந்தால் பட்டினி கிடந்தது. வளையாமல் முறிந்தால் வெறும் விதையைத் தின்று தொலைத்தது. வழுக்கிக்கொண்டு போனால் நல்ல சாப்பாடு சாப்பிட்டு வாழ்ந்தது. அந்தக் கம்பெனியை இழுத்து மூடியபோது மற்றவர்கள் வேறு கம்பெனி தேடிப் போனார்கள். இவர் மட்டும் நேராக இங்கே வந்து பழைய மேனேஜரிடம், "பதினோரு வருஷம் செத்த வாலைத் தடவிட்டேன் சார். இனிமே உசிரோட இருக்கற வாலைப் பாத்துக்கறேன்" என்றாராம். எங்கள் அக்காவிடம் முதல்முதலாகப் பேசியபோதும் அவள் பின்னலைப் பார்த்து, "இரும்புச்சத்து பத்தல" என்றவர்தான். அதைக் கேட்டு மயங்கினாளே, அவளைச் சொல்ல வேண்டும்.

காலை ஆறரைக்குக் கூண்டுகளுக்குப் பின்னால் இருக்கும் அறையைத் திறந்துவிடுவார். ஒரு மேஜை, ஒரு கத்தி, ஒரு தராசு, ஒன்று முதல் ஏழு வரை பெயின்டில் நம்பர் போட்ட ஏழு கிண்ணம். கீரையைக் கழுவி, ஒவ்வொரு இலையாகத் துணியில் ஒற்றி எடுப்பார். ஈரக்கீரை வயிற்றைக் கெடுக்குமாம். பூசணி தோலோடு. கேரட் இனிப்பாயிற்றே, அதனால் பேருக்கு ஒரு துண்டு. வாரத்தில் இரண்டு நாள் காளான், ஒரு நாள் கால் பங்கு அவித்த முட்டை. கூண்டுக்குள் கடித்துத் தேய்க்க சுத்தம் செய்த ஓர் எலும்பு, அது சுண்ணாம்புச் சத்துக்கு. இத்தனையும் சாப்பிட்டு முடித்த அணிலுக்கு மட்டும் சாயங்காலம் நாலு மணிக்கு ஓட்டோடு ஒரே ஒரு கொட்டை. "கொட்டைதானே சார் அணிலோட சாப்பாடு?" என்று யாராவது வாயைத் திறந்தால் தீர்ந்தது. "யார் சொன்னது? அது அதுக்கு மிட்டாய். மிட்டாயக் காட்டினா எந்தப் புள்ளை கீரை சாப்பிடும்? வெறும் கொட்டையும் விதையும் தின்னா எலும்பு போகும், அப்புறம் ரோமம் போகும், வால் போகும்" என்று ஆரம்பித்து, கேட்டவர் பஸ்ஸைத் தவறவிடும்வரை விடமாட்டார்.

ஐந்து மணிக்கு ஒவ்வொரு கிண்ணத்திலும் மிச்சமானதை நிறுத்து நோட்டில் எழுதுவார். போட்டது, மிச்சம், எடை, ரோமம், வால் என்று கோடு போட்ட நோட்டு. பதினாறு வருஷத்து நோட்டு அலமாரியில் அடுக்கியிருக்கிறது. நம் வீட்டில் கல்யாண ஆல்பத்துக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

நான் அவர்கள் வீட்டுப் பின்னறையில் ஆறு வருஷமாக இருக்கிறேன். எனக்கும் கல்யாணம் ஆயிற்று. ஒன்றே கால் வருஷத்தில் அது முடிந்தும் போயிற்று. "உங்களுக்கு வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். போகட்டும், அந்தக் கதை இங்கே எதற்கு? நான் சொல்ல வந்தது என் தலையைப் பற்றி. நாற்பத்து மூன்று வயதில் நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத நிலைமை. ஒரே வீட்டில், ஒரே மேஜையில், எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஒரு நாளாவது, 'உனக்கு ஏன்டா முடி கொட்டுது' என்று கேட்டிருப்பாரா? நான் நாலு காலோடு பிறந்திருக்க வேண்டும்.

ஏழாம் நம்பர் கூண்டில் இருப்பவள்தான் பெரியம்மா. ஒன்பது வயது. அணிலுக்கு அது நல்ல கிழ வயது. எங்கள் வாசல் போர்டில் வால் தூக்கி நிற்பது அவள்தான். டிக்கெட்டில் அச்சடித்திருப்பதும் அவள்தான். ஆகவே ஒரு நாளைக்கு முந்நூறு தடவை அவளை இரண்டாகக் கிழிப்பது என் வேலை. யாரிடமும் ஒட்டமாட்டாள். பதினாறு வருஷமாக அணிலோடு குப்பை கொட்டுகிற அத்தானே கையை நீட்டினால் தள்ளி நின்று பார்ப்பாள். ஆனால் என்னிடம் வருவாள்!

மதியம் இரண்டு மணிக்கு எனக்கு அரை மணி நேரம் ஓய்வு. அந்த நேரத்தில் கடைசி வரிசையில் ஈ காக்கை இருக்காது. ஏழாம் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு. நான் போய் உட்கார்ந்ததும் கம்பி ஓரத்துக்கு வந்து, முன்னங்கால் இரண்டாலும் என் விரலைப் பிடித்துக்கொள்வாள். மேனேஜர் என்ன சொன்னார், எவன் சில்லறை கேட்டுச் சண்டை போட்டான், எல்லாம் அவளிடம்தான் சொல்வேன். என் சட்டைப் பையில் வறுத்த சூரியகாந்தி விதைப் பாக்கெட் ஒன்று எப்போதும் இருக்கும், சிகரெட்டை விட்ட பிறகு வந்த பழக்கம். பேசிக்கொண்டே பல்லால் ஓட்டை உடைத்து, எனக்கு இரண்டு, அவளுக்கு ஒன்று. ஓட்டைப் பொறுப்பாகப் பைக்குள்ளேயே போட்டுக்கொள்வேன். இடத்தை அசிங்கம் பண்ணக்கூடாது பாருங்கள், நான் அவ்வளவு யோக்கியன்.

"உன் பாக்கெட்ல என்னடா எப்பப் பாத்தாலும் தொலி? மிஷின் அடைச்சுக்குது" என்று அக்கா துணி துவைக்கும்போதெல்லாம் திட்டுவாள். அவளுக்கு வேறு வேலை இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் பெரியம்மாவின் வால் கொட்ட ஆரம்பித்தது. முதலில் நுனி, அப்புறம் நடு. ஒரு மாதத்தில் பாதி வால் வெறும் தண்டாகிவிட்டது. முதுகிலும் ரோமம் பொலிவிழந்து திட்டுத்திட்டாகத் தோல் தெரிந்தது. மேனேஜர் சுற்றிப் பார்க்க வந்தவர் ஏழாம் கூண்டு முன்னால் நின்றுவிட்டார். புது மேனேஜர். இதற்கு முன் எங்கோ பர்னிச்சர் ஷோரூமில் இருந்தவர். மிருகங்களையும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்.

"என்னய்யா இது?"

"வால் கொஞ்சம் உதிருது சார்" என்றார் அத்தான்.

"கொஞ்சமா? பாதி வாலையே காணோம். அணில்னா வாலுய்யா. வால் இல்லன்னா அது எலி. எலியைப் பாக்க எவன் டிக்கெட் வாங்குவான்? அவனவன் வீட்லயே இருக்கு." அப்புறம் விரலால் காற்றில் ஒரு கோடு போட்டார். "புது போர்டுக்கு போட்டோ எடுக்க ஆள் வருது. முப்பது நாள் டைம். அதுக்குள்ள வரலன்னா டாக்டரக் கூப்பிட்டு ஒரு ஊசியப் போட்டு முடிச்சிடுவோம். வயசும் ஆச்சு, பாக்கவும் சகிக்கல."

"சார், உடம்பு ரோமம் வருஷத்துக்கு ரெண்டு தடவை மாறும். வால் ஒரே தடவைதான். அது வர இன்னும் நாலு மாசம் இருக்கு. அதுவரைக்கும்..."

"முப்பது நாள்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் ஆமையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்றைக்கு அத்தான் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்துபோனார். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒரு அணிலுக்கு இவ்ளோ சோகமா? நான் செத்தா ரெண்டு நாளாவது பட்டினி கிடப்பீங்களா அத்தான்?" என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி இளைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் நானும் தட்டைத் தள்ளிவிட்டேன். பெரியம்மாவுக்கு ஊசியா? அப்புறம் இரண்டு மணிக்கு நான் எங்கே போய் உட்காருவேன்?

மறுநாளிலிருந்து அத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட ஆரம்பித்தார். டாக்டர் வந்து லென்ஸ் வைத்துப் பார்த்து, "பூச்சி இல்ல, புண் இல்ல. சாப்பாட்டைக் கவனிங்க" என்றார். "சாப்பாட்டைக் கவனின்னு என்கிட்டயே சொல்றார்டா" என்று அத்தான் அன்று முழுக்கப் புலம்பினார். கூண்டைத் தூக்கிக் காலை வெயில் படும் பக்கம் வைத்தார். கீரையை மாற்றினார். புது எலும்பு போட்டார். பெரியம்மா எதையும் சீண்டவில்லை. நாற்பத்தெட்டு கிராம் போட்டால் முப்பது கிராம் மிச்சம்.

நாலாம் நாள் தராசைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏன்டா, போடறதுல பாதிகூடச் சாப்பிடல. ஆனா எடை குறையல, பத்து கிராம் ஏறியிருக்கு. இது எப்படி?"

"தண்ணி குடிச்சிருக்கும்" என்றேன்.

"இல்லடா. யாரோ போடறாங்க. கொட்டையோ விதையோ, யாரோ தினமும் போடறாங்க. அதுல வயித்த ரொப்பிக்கிட்டு மத்தத விட்டுடுது."

எனக்கு வந்ததே கோபம்! இந்த ஜனங்களுக்கு அறிவே கிடையாதா? வாயில்லாத ஜீவனுக்குக் கண்டதையும் போட்டுக் கொல்கிறார்களே என்று வாசலில் வந்தவர்களை எல்லாம் முறைத்தேன். 'அணில்களுக்கு எதையும் கொடுக்காதீர்கள்' என்று போர்டு எழுதினது நான்தான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் அந்தப் பெருமையும் எனக்கே. கூட்டிப் பெருக்கும் அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்ததும் நான்தான். "எனக்கே சாப்பிட நேரம் இல்ல, நான் அணிலுக்கு ஊட்டிக்கிட்டு நிக்கறேனா? போய்யா அந்தப் பக்கம்" என்று துடைப்பத்தை ஆட்டிவிட்டுப் போனாள்.

நாள் முழுக்க யாராவது ஓர் ஆள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள், இரண்டு மணியிலிருந்து இரண்டரைவரைதான் யாரும் இல்லை என்று அத்தான் கண்டுபிடித்தார். "அந்த நேரத்துல நீதான் சும்மா இருக்கே. கொஞ்சம் காவல் இருக்கியா?" என்றார்.

இருந்தேன். ஒரு ஈ வரவிடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்துக்கொண்டே பெரியம்மாவிடம் சொன்னேன்: "எந்தப் பாவின்னு தெரியல. மாட்டட்டும், பேத்துடறேன்." சொல்லிக்கொண்டே எனக்கு இரண்டு, அவளுக்கு ஒன்று. சிரிக்காதீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை. நான் என்ன டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவனா? சாப்பாடு என்றால் கிண்ணத்தில் வைப்பது. இது சும்மா பேச்சுத் துணைக்குக் கொடுப்பது. இது எப்படிக் கணக்கில் வரும்? சாயங்காலம் அத்தான் கேட்டால், "யாரும் வரல அத்தான்" என்று மார்பை நிமிர்த்திச் சொல்வேன். "சரிடா" என்று கேட்டுக்கொள்வார்.

இப்படி ஒரு வாரம் போயிருக்கும். ஒரு நாள் மதியம் பெஞ்சில் உட்கார்ந்து சட்டைப் பைக்குள் கையை விட்டால் ஈரமாக ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தேன். விதைப் பாக்கெட்டுக்குள் விதை இல்லை. பொடிப்பொடியாக நறுக்கின பூசணித் துண்டு, சுருட்டி வைத்த இரண்டு கீரை இலை. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள்! பெரியம்மா வேறு கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். வேறு வழி இல்லாமல் பூசணியை நீட்டினேன். வாங்கினாள், மோந்து பார்த்தாள், என் மூஞ்சியிலேயே எறிந்தாள்.

"வாங்கிக்குச்சா?" என்று பின்னால் ஒரு குரல். அத்தான். கையில் நோட்டு.

"யாரு அத்தான் இப்படிப் பண்ணது?"

"உங்க அக்காவா இருக்கும்" என்றார் எங்கேயோ பார்த்துக்கொண்டு. "உனக்கு பிரஷர் இருக்கில்ல? உப்பு விதை ஆகாதுன்னு மாத்தி வச்சிருப்பா."

அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன். நம்புவதுதான் சௌகரியமாக இருந்தது. வீட்டுக்குப் போய் அக்காவிடம் கத்தினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இனிமே அதுதான். இஷ்டம்னா சாப்பிடு" என்றாள். கடையில் வேறு பாக்கெட் வாங்கினால் அதுவும் மறுநாள் பூசணியாக மாறியிருக்கும். மூன்று நாள் பெரியம்மா வாங்கி வாங்கி எறிந்தாள். நாலாம் நாள் எறியவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒரு துண்டைக் கடித்தாள். அத்தான் கையை நீட்டினால் இன்னும் வரவில்லை. என் கையிலிருந்து மட்டும் கீரை, பூசணி, காளான் எல்லாம் வரிசையாக இறங்கியது. அந்த வாரக் கடைசியில் மிச்சம் ஆறு கிராம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விதை நின்றது, கீரை இறங்குகிறது. இதற்கு மேல் ஒரு மனுஷனுக்குத் தராசு எதற்கு? நான் எந்தப் பாவியைத் தேடிக்கொண்டிருந்தேனோ அந்தப் பாவி தினமும் கண்ணாடியில் சவரம் செய்துகொள்கிறான். அத்தானிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அவருக்குத்தான் தெரியாதே, தெரிந்தால் இத்தனை நாள் சும்மா இருப்பாரா என்று எனக்கு நானே சமாதானம் வேறு.

முப்பதாம் நாள் மேனேஜர் வந்தார், பின்னாலேயே ஊசிப் பெட்டியோடு டாக்டர். பெரியம்மாவின் முதுகில் ரோமம் கொஞ்சம் மூடியிருந்தது. வாலில் தேய்ந்துபோன பல் பிரஷ் அளவுக்கு ஏதோ முளைத்திருந்தது. மேனேஜர் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சார், தேறிடுச்சு சார்" என்று அத்தான் நோட்டை நீட்டினார். "மிச்சம் பாருங்க. ஆறு, நாலு, நாலு, ரெண்டு. வேர் நல்லா இருக்கு. வால் மாறற சீசன்ல முழுசா வந்துடும். கெஞ்சிக் கேக்கறேன் சார்."

அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"அப்ப இதுக்கு முன்னாடி ஏன்யா கொட்டுச்சு? யார் தப்பு?"

அத்தான் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "என் தப்புதான் சார். சாப்பாட்டுல அளவு தப்பிடுச்சு. நான் கவனிக்கல."

பதினாறு வருஷத்தில் ஒரு கிராம் தப்பாத மனுஷன் சொல்கிறார், அளவு தப்பிவிட்டது என்று. நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாசலில் வருகிறவன் போகிறவன் எல்லாரையும் நாலு வார்த்தை கேட்கிற இந்த வாய், பொண்டாட்டியையே ஓட்டின இந்த வாய், அன்றைக்குப் பசை போட்டு ஒட்டின மாதிரி மூடிக்கொண்டது. என் வேலை போய்விடும் என்று பயந்தேன். அதுதான் நிஜம், வேறென்ன சொல்ல?

"அப்ப உன்னை எதுக்கு இங்க வச்சிருக்கணும்? நாளைலேருந்து நீ பார்க்கிங்கப் பாத்துக்கோ" என்றார் மேனேஜர். "இதுக்கு யாருய்யா சாப்பாடு போடுவா?"

"என் மச்சினன் சார். அவன் கையிலதான் அது சாப்பிடும். தேறிட்டு வர்றப்ப ஊசி போட்டா நியாயம் இல்ல சார், சீசன் வரைக்கும் மட்டும் விடுங்க."

மேனேஜருக்கு அதற்குள் போன் வந்துவிட்டது. "என்னமோ பண்ணித் தொலைங்க, சீசன் வரைக்கும்தான்" என்று கையை ஆட்டிக்கொண்டே போனார். ஊசிப் பெட்டி திறக்காமல் திரும்பிப் போயிற்று.

ஆக, அணிலைப் பட்டினி போடாமலே வால் உதிர வைத்தவனுக்கு அணில் பிரிவில் பதவி உயர்வு. வாலுக்காகவே பிறந்த மனுஷனுக்கு வெயிலில் விசில். நிர்வாகம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

நான் கீரையை ஒற்றக் கற்றுக்கொண்டேன். தராசில் முள் நிற்கும்வரை மூச்சை அடக்கக் கற்றுக்கொண்டேன். தினமும் சாயங்காலம் பார்க்கிங் வழியாகப் போனால் அத்தான் காருக்கு வழிகாட்டிக்கொண்டே, "மிச்சம் எவ்ளோ?" என்பார். "ரெண்டு" என்பேன். "பூசணித் தோல் போட்டியா?" என்பார். "போட்டேன்" என்பேன். வேறு பேச்சு கிடையாது. மூன்று மாதத்தில் சீசன் வந்தது, வாலும் வந்தது. வந்தது என்றால் சும்மா இல்லை, பெரியம்மா திரும்பினால் வால் திரும்பி முடிக்க ஒரு நிமிஷம் ஆகும். போட்டோக்காரர் வந்து எடுத்துப் போனார். வாசலில் புது போர்டு வைத்தார்கள். மேனேஜர் அதன் முன்னால் நின்று தானே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார், வாலை அவரே வளர்த்த மாதிரி.

போன வாரம் நோட்டு தீர்ந்துபோனது. புது நோட்டில் கோடு போடப் பழசைப் புரட்டினேன். அத்தான் கையெழுத்தில், ஏழாம் நம்பர் பக்கத்தில், ஓரத்தில் சின்னச் சின்னதாக எழுதியிருந்தது.

'மதியம் 2.10. தண்ணித் தொட்டிக்குப் பின்னால இருந்து பாத்தேன். மச்சினன். 17 விதை. உப்பு போட்டது.'

அடுத்த நாள்: 'மச்சினன். 14 விதை. சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தான்.'

அதற்கடுத்து: 'மச்சினன். 19. சொல்லணும்.'

அப்புறம்: 'மச்சினன். 16. சொல்ல வாய் வரல.'

ஆறாம் நாள்: 'வீட்ல சொன்னேன். நாளைக்குப் பாக்கெட்டை மாத்திடறேன்னு சொன்னா.'

நோட்டை எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். "சார், அன்னிக்கு அளவு தப்பினது அவர் இல்ல, நான். நான்தான் விதை போட்டேன். இதோ எழுதியிருக்கு. அவரைத் திரும்ப அணிலுக்குப் போடுங்க, என்னை வேலையை விட்டு எடுங்க." நாலு மாதமாக நெஞ்சில் கிடந்ததைக் கொட்டிவிட்டு நின்றேன்.

அவர் நோட்டைத் திறக்கக்கூட இல்லை. "போர்டுல வால் நல்லா வந்திருக்கில்ல?"

"வந்திருக்கு சார்."

"பார்க்கிங்ல கார் எல்லாம் அளந்த மாதிரி வரிசையா நிக்குதில்ல?"

"நிக்குது சார்."

"அப்புறம் என்னய்யா? போய் வேலையப் பாரு."

மன்னிப்பு இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பேன். பார்க்கிங்குக்குப் போனேன். உச்சி வெயில். அத்தான் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு காரைப் பின்னால் வரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான்தான் அத்தான்."

"என்னது?"

"விதை."

விசிலை வாயிலிருந்து எடுத்தார். என் கையில் இருந்த நோட்டைப் பார்த்தார். "தெரியும்டா" என்றார்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் பழிய ஏத்துக்கிட்டீங்க? என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாம்ல?"

"என்னை இங்க அனுப்பினா அதுக்குச் சாப்பாடு குடுக்க நீ இருக்கே. உன்னை வெளிய அனுப்பினா அது யார் கையில சாப்பிடும்? நானே கை நீட்டினாலும் வராதே."

பாருங்கள், அப்போதும் அணில் கணக்குதான். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கித் தொலைத்தது. "சரி, அது போகட்டும். ஆறு நாள் எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தீங்களே, முதல் நாளே வந்து என் கன்னத்துல நாலு அறை விட்டிருக்க வேண்டியதுதானே?"

அவர் காரைப் பார்த்து, "வாங்க, வாங்க, இன்னும் கொஞ்சம், போதும்" என்றார். கார் நின்றது. என் பக்கம் திரும்பவில்லை.

"கேட்டிருந்தா அப்புறம் நீ அந்தப் பெஞ்சுப் பக்கமே போயிருக்கமாட்டே. நம்ம வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. நீ ஒருத்தர்கிட்ட சிரிச்சுப் பேசி நான் பாத்தது அங்க ஒண்ணுதான்."

கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மணியைப் பார்த்தார்.

"ரெண்டாகப் போகுது. கம்பிகிட்ட வந்து நிக்கும். போ."

போனேன்.